பழைய 100 சிசி எஞ்சின் ஜாம்: எங்கெங்கே தடுத்திருக்கலாம்

ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் சாலையில் இறுகி நின்றுவிட்டால் முதலில் பழி விழுவது வண்டியின் வயதின் மேல்தான். பிரித்துப் பார்த்தால் வயதுக்கு அதில் பெரிய பங்கில்லை என்று தெரியும். இங்கே எடுத்துக்கொண்டது காற்றால் குளிரும் ஒற்றை சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக், கார்புரேட்டர் வண்டி. இருபது வருடத்துக்கு மேல் ஓடியது. இது குறிப்பிட்ட ஒரு வண்டியின் பதிவு அல்ல. ஒரே மாதிரியாக வந்து சேரும் ஜாம் கேஸ்களை ஒரே வண்டியில் அடக்கி எழுதியது. எண்கள் இந்த வகை எஞ்சினில் சகஜமாகக் காணக்கூடியவை. உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவல் வேறு அளவு சொன்னால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

போர் (சிலிண்டரின் உள்விட்டம்; அதன் உட்சுவரையும் போர் என்றே சொல்வோம்) 50 மிமீ, ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்) 49.5 மிமீ, மொத்தம் 97 சிசி. ஆயில் மாற்றும்போது பிடிப்பது 800 மிலி. தனியாகப் பேப்பர் ஆயில் ஃபில்டர் இல்லை. அடியில் ஒரு கம்பி வலை, கிராங்க் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) முனையில் சுழன்றே அழுக்கைப் பிரிக்கும் ஒரு கிண்ணம், அவ்வளவுதான் வடிகட்டல். ஆயில் பிரஷர் லைட்டும் கிடையாது, சூடு காட்டும் மீட்டரும் கிடையாது. ஆயில் குறைந்தால் இந்த எஞ்சின் சொல்லும் ஒரே இடம் டிப்ஸ்டிக், அதாவது ஆயில் அளவு காட்டும் கோல்.

நின்ற விதம்

பின்னால் ஒருவர், கொஞ்சம் சாமான், நீளமான நேர்ச்சாலை. முக்கால் மணி நேரம் கிட்டத்தட்ட முழு திராட்டிலில் ஓடியிருக்கிறது. முதலில் ஹெட் (சிலிண்டரின் மேல்மூடி) பக்கமிருந்து டேப்பட் சத்தம் (வால்வு இடைவெளியின் டிக் டிக்) கூடியது. பிறகு திராட்டில் அப்படியே இருக்க வேகம் தானாக இறங்கியது. கியர் குறைத்து மறுபடி முறுக்கியதும் பின்சக்கரம் ஒரு கணம் இழுத்துப் பிடித்து எஞ்சின் நின்றது. கிக்கர் இறங்கவில்லை.

இருபது நிமிடம் ஆறவிட்டதும் கிக்கர் இறங்கியது, எஞ்சினும் ஸ்டார்ட் ஆனது. மெதுவாக ஓட்டியே வீடு வந்து சேர்ந்திருக்கிறது. பாதி செலவு கூடியது இந்தக் கட்டத்தில்தான். ஜாம் ஆனபோது பிஸ்டனின் அலுமினியம் உருகி போரின் இரும்புச் சுவரில் அப்பிக்கொள்ளும். ஆறிய பிறகு பிஸ்டன் சுருங்கி வழிவிடுவதால் எஞ்சின் சுற்றும். ஆனால் அப்பிய அலுமினியம் அங்கேயே நின்று ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டனையும் அதைச் சுற்றிய ரிங்கையும் சீவும். சீவிய துகள் கீழே ஆயிலில் விழுந்து பம்ப் வழியாக எல்லா இடத்துக்கும் போகும். பிஸ்டன், போர் வேலையோடு முடிந்திருக்கக்கூடியது பம்ப், கேம் (வால்வுகளைத் திறக்கும் முட்டுள்ள தண்டு), கிராங்க் வரை நீள்கிறது.

சாலையில் டேப்பட் சத்தம் திடீரெனக் கூடி வேகமும் தானாக இறங்கினால் உடனே கிளட்சைப் பிடித்துவிட வேண்டும். திராட்டிலை மூடி, ஓரம் கட்டி, சாவியைத் திருப்ப வேண்டும். ஆறிய பிறகு டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். ஆயில் நுனியைக்கூடத் தொடவில்லை என்றால் ஸ்டார்ட் செய்யாமல் வண்டியை ஏற்றிக்கொண்டு போவதுதான் சிக்கனம்.

வடித்த ஆயில்

பிரிப்பதற்கு முன் ஆயிலை அளவு ஜாடியில் வடிக்க வேண்டும், பழைய டின்னில் அல்ல. எவ்வளவு வந்தது என்பதே முதல் சாட்சி. வந்தது 240 மிலி.

2,800 கிமீ முன்பு 800 மிலி ஊற்றப்பட்டிருக்கிறது. அடியில் ஒழுகல் தடயம் இல்லை. அப்படியானால் 560 மிலி எரிந்து போயிருக்கிறது. 1,000 கிமீக்கு 200 மிலி. டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் இடையே சுமார் 250 மிலி என்று வைத்தால், ஆயில் மாற்றிய 1,250 கிமீயிலேயே அளவு கீழ்க் கோட்டைத் தாண்டிவிட்டது. அதன் பிறகும் 1,550 கிமீ ஓடியிருக்கிறது. அந்த இடைவெளியில் மூன்று முறையாவது டேங்க் நிரப்பியிருப்பார்கள். ஒரு முறை கோலை எடுத்துப் பார்த்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை.

ஆயில் கறுப்பாக இருந்ததில் ஒன்றுமில்லை. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஆயில் கறுக்கும். பார்க்க வேண்டியது மினுமினுப்பு. ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றி வெயிலில் சாய்த்துப் பாருங்கள். அடியில் காந்தத்தை நகர்த்தும்போது கூடவே நகரும் துகள் இரும்பு: கேம், ராக்கர் (கேமின் தள்ளலை வால்வுக்குக் கடத்தும் கை), கியர், பேரிங் இவற்றிலிருந்து வந்தது. நகராமல் மின்னுவது பெரும்பாலும் அலுமினியம்: பிஸ்டன், ஹெட், கிராங்க்கேஸ். செம்பு நிறத்தில் மின்னினால் புஷ் எங்காவது தேய்கிறது. இந்த ஆயிலில் முதல் இரண்டும் இருந்தன.

பிரித்தபோது கண்டது

மேலிருந்து வருவோம். கேம்ஷாஃப்டின் எக்ஸாஸ்ட் முட்டு உச்சியில் பொரிந்து குழி விழுந்திருந்தது. ராக்கரின் தேய்முகம் உரிந்திருந்தது. கேம் தாங்கும் இடங்களில் உலர்ந்து உரசிய கோடுகள், கொஞ்சம் நீலம் பாய்ந்த நிறம். நீலம் என்றால் அந்த எஃகு முந்நூறு டிகிரி செல்சியஸை ஒட்டிச் சூடாகியிருக்கிறது என்று அர்த்தம். ஆயில் ஓடிய இடத்தில் இந்த நிறம் வராது.

பிஸ்டனில் எக்ஸாஸ்ட் பக்கப் பாவாடை (ரிங்குகளுக்குக் கீழே உள்ள பக்கச்சுவர்) மேலிருந்து கீழ் வரை கீறல். இரண்டாவது ரிங் உட்காரும் காடியில் கார்பன் இறுகி ரிங் அசையவில்லை. போரின் அதே பக்கத்தில் அலுமினியம் அப்பியிருந்தது.

போரை மூன்று மட்டத்தில், ஒவ்வொன்றிலும் பிஸ்டன் பின்னுக்கு (பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் குறுக்குக் கம்பி) இணையாகவும் குறுக்காகவும், மொத்தம் ஆறு அளவு எடுக்க வேண்டும். மேல் ரிங் திரும்பும் இடத்தில் பின்னுக்குக் குறுக்கே 50.14 மிமீ, அடியில் 50.03 மிமீ. புதிதில் இது 50.005 முதல் 50.015 வரை, பொறுக்கத்தக்க எல்லை 50.10. ஜாம் ஆன கீறலை ஒதுக்கிவிட்டு எடுத்த அளவு இது. அதாவது ஜாம் ஆவதற்கு வெகுநாள் முன்பே போர் எல்லையைத் தாண்டிவிட்டது. கேஸின் திருப்பமே இந்த ஓர் எண்தான்.

மேல் ரிங்கைப் போரின் தேயாத அடிப்பகுதியில் வைத்து அளந்தால் வாய் (ரிங்கின் இரு முனைகளுக்கு இடையிலான இடைவெளி) 0.7 மிமீ. புதிதில் 0.10 முதல் 0.25, எல்லை 0.5. போரில் ஜாம் கீறல் இல்லாத மற்ற பக்கங்களில் ஹோனிங் கோடு (போரைக் கல்லால் தீட்டும்போது விழும் குறுக்குக் கோடு) எதுவும் மிஞ்சவில்லை, ஆனால் கண்ணாடிப் பளபளப்பும் இல்லை. சாம்பல் நிறத்தில் மங்கலாக, மணல்தாள் போட்டுத் தேய்த்ததுபோல் இருந்தது. ஆயில் பழசாகித் தேய்ந்த போர் பளபளக்கும். மங்கலாகத் தேய்ந்தால் தூசி உள்ளே போகிறது.

கிளட்ச் கவரைக் கழற்றினால் இரண்டு விஷயம். சுழலும் கிண்ணத்தின் உள்சுவரில் களிமண்போல் இறுகிய கறுப்புப் படலம், 4 மிமீ தடிமன். வலையில் பாதி அடைப்பு. அடைத்திருந்ததில் கார்பன் துண்டோடு சிவப்பு சிலிகான் துணுக்குகளும் இருந்தன. முன்பு எப்போதோ கிளட்ச் வேலை நடந்தபோது கவர் பாக்கிங்குக்கு மேல் தாராளமாகப் பூசிய சிலிகான் அது. வெளியே பிதுங்கியதைத் துடைப்பார்கள். அதே அளவு உள்ளேயும் பிதுங்கியிருக்கும், அதை யாரும் துடைப்பதில்லை.

எது காரணம் இல்லை

காரணத்தைத் தேடும்போது மற்ற சந்தேகங்களையும் தட்டிக் கழிக்க வேண்டும். இல்லையென்றால் புதுப் பிஸ்டன் போட்டும் அதே இடத்தில் மறுபடி ஜாம் ஆகும்.

எரிபொருள் குறைந்த கலவையா? அப்படியென்றால் பிளக்கின் பீங்கான் வெளுத்து, சில சமயம் கொப்புளித்து இருக்கும். இங்கே பிளக் கறுத்து ஆயில் ஈரத்தோடு இருந்தது. மெயின் ஜெட் சுத்தம். கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் இடையிலான இன்சுலேட்டர் ஓ-ரிங்கும் நன்றாகவே இருந்தது. ஓடும் வண்டியில் இதைச் சோதிக்க, ஐடிலில் விட்டு அந்த இணைப்பின் மேல் கார்புரேட்டர் கிளீனரைக் கொஞ்சம் அடிக்க வேண்டும். ஐடில் மாறினால் அங்கே காற்று இழுக்கிறது. சைலன்சர் சூடாக இருந்தால் இந்தச் சோதனை வேண்டாம், தீப்பிடிக்கும்.

குளிர்ந்த எஞ்சினை எடுத்த எடுப்பில் முறுக்கியதா? அந்த வகை ஜாமில் பிஸ்டன் வேகமாக விரியும், சிலிண்டர் பின்தங்கும். பின்னுக்கு இரு புறமும் நான்கு மூலையில் தனித்தனியாகக் கறை விழும். இங்கே கீறல் ஒரே பக்கத்தில், பாவாடை முழுக்க. இக்னிஷன் டைமிங்கும் சரியாக இருந்தது.

மிஞ்சியது ஆயில் பற்றாக்குறை. பம்பிலிருந்து தூரமான இடம் ஹெட். அளவு குறைந்ததும் வளைவிலும் பிரேக் பிடிக்கும்போதும் ஆயில் ஒதுங்கி, பம்ப் இடையிடையே காற்றை இழுக்கும். பாதி அடைத்த வலை அதை இன்னும் மோசமாக்கும். கேம் முதலில் காய்கிறது. கூடிய டேப்பட் சத்தம் அதன் குரல். பிஸ்டனுக்குத் தனியாக ஆயில் குழாய் இல்லை. கிராங்க் சுழன்று வாரி இறைப்பதுதான் அதற்குக் கிடைக்கும். 240 மிலி ஆயில், 800 மிலி சுமக்க வேண்டிய சூட்டைச் சுமக்கிறது. சூடு ஏற ஆயில் நீர்த்து, போர்ச்சுவரில் படலம் அறுந்து, அதிகம் சூடாகும் எக்ஸாஸ்ட் பக்கத்தில் பிடித்துக்கொள்கிறது.

பிக் எண்ட் (கனெக்டிங் ராட் கிராங்க்கைப் பிடிக்கும் இடம்) தப்பியது கவனிக்கத்தக்கது. இந்த வகை கிராங்க்கில் இருப்பது உருளை பேரிங். கொஞ்சநேரம் ஆயில் இல்லாமல் தாக்குப்பிடிக்கும். ஷெல் பேரிங் (உருளை இல்லாமல் ஆயில் படலத்தின் மேல் ஓடும் பேரிங்) வைத்த பெரிய எஞ்சின்களில் ஆயில் பிரஷர் போனால் முதலில் போவது அதுதான், அதுவும் சீக்கிரமாக.

ஆயில் ஏன் எரிந்தது

போர் தேய்ந்ததால். போர் ஏன் தேய்ந்தது? தூசி. தூசி எங்கிருந்து? கார்புரேட்டரின் காற்று வாய்க்குள் விரலில் வெள்ளைத் துணி சுற்றித் துடைத்தபோது துணியில் செம்மண் நிறம் வந்தது. ஏர் ஃபில்டர் ஓரளவு புதிதுதான். அதற்குப் பின்னால், ஃபில்டர் பெட்டியையும் கார்புரேட்டரையும் இணைக்கும் ரப்பர் குழாயின் கிளாம்ப் தளர்ந்து, ரப்பர் ஒரு பக்கம் விலகியிருந்தது. ஃபில்டரைத் தாண்டிய இடத்தில் ஓட்டை இருந்தால் ஃபில்டர் எவ்வளவு நல்லதாக இருந்து என்ன?

சாலைத் தூசியில் இருப்பது பெரும்பாலும் சிலிக்கா. போரின் வார்ப்பிரும்பைவிடக் கடினம். அது ரிங்குக்கும் சுவருக்கும் நடுவே மாட்டி இரண்டையும் அரைக்கிறது. ரிங் தேய்ந்ததும் ஆயில் மேலே ஏறி எரிகிறது. எரிந்த ஆயிலின் கார்பன் ரிங் காடியில் இறுகி, தேய்ந்த ரிங்கையும் ஒட்டிப் பிடித்து, ஆயில் இன்னும் வேகமாக மேலே ஏறுகிறது. முதல் 50 மிலி குறைய எத்தனையோ மாதம் ஆகும். 100 மிலியிலிருந்து 200க்குப் போக அவ்வளவு காலம் பிடிக்காது.

ஆக வரிசை இது: தளர்ந்த கிளாம்ப், தூசி, போர், ஆயில் குறைவு, அடைத்த வலை, காய்ந்த கேம், பிடித்த பிஸ்டன். இதில் ஒவ்வொரு கட்டத்துக்கும் வெளியில் தெரியும் ஓர் அடையாளம் இருக்கிறது, கடைசி இரண்டைத் தவிர மற்றவற்றுக்கு அவகாசமும் இருக்கிறது.

டிப்ஸ்டிக்: சரியாகப் பார்த்தால்தான் உதவும்

பழைய வண்டியில் பல எஞ்சின்கள் பார்க்காமல் போகின்றன, சில தவறாகப் பார்த்துப் போகின்றன. இந்த வகை எஞ்சின்களில் டிப்ஸ்டிக்கே ஆயில் மூடியும். பெரும்பாலானவற்றில் அளக்கும்போது மரையை இறுக்கக் கூடாது. துடைத்து, துளையில் செங்குத்தாக விட்டு, மரையின் விளிம்பு உட்காரும் வரை மட்டும் வைத்து எடுக்க வேண்டும். முழுக்க இறுக்கி எடுத்தால் கோல் மரையின் நீளத்துக்குக் கூடுதலாக உள்ளே இறங்கும். பல வண்டிகளில் அந்த நீளமும் இரண்டு கோட்டுக்கு இடையிலான தூரமும் கிட்டத்தட்ட ஒன்று. விளைவு, கீழ்க் கோட்டில் இருக்கும் ஆயில் மேல் கோட்டில் இருப்பதாகக் காட்டும். சில கம்பெனிகள் இறுக்கி அளக்கச் சொல்வதும் உண்டு. மேனுவலில் அந்த ஒரு வரியை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

எஞ்சினை மூன்று முதல் ஐந்து நிமிடம் ஐடிலில் ஓட்டி அணைத்து, இரண்டு மூன்று நிமிடம் காத்திருந்து, சமதளத்தில் நடு ஸ்டாண்டில் நிமிர்த்தி வைத்துப் பார்க்க வேண்டும். சைடு ஸ்டாண்டில் சாய்ந்தபடி பார்த்தது கணக்கில் சேராது. 500 கிமீக்கு ஒரு முறை போதும். ஆயில் குடிக்கும் வண்டி என்றால் ஒவ்வொரு முறை டேங்க் நிரப்பும்போதும்.

குறைந்ததை நிரப்பும்போது எத்தனை மிலி ஊற்றினோம் என்று எழுதிவையுங்கள். இந்த ஒரு குறிப்பு எந்த மெக்கானிக்கின் காதையும்விட நம்பகமானது. 1,000 கிமீக்கு 50 மிலிக்குள் என்றால் பழைய எஞ்சினுக்கு நல்ல ஆரோக்கியம். 100 மிலி வந்தால் ஏர் ஃபில்டர் பக்கத்தையும் கம்ப்ரஷனையும் பார்க்கும் நேரம். 200 என்றால் ஹெட்டைத் திறக்கும் நேரம். அதற்கு மேல் தள்ளிப்போடுவது, இந்த 240 மிலியை நோக்கி ஓட்டுவதுதான். மேல் கோட்டுக்கு மேலே ஊற்றுவதும் கூடாது. கூடுதல் ஆயிலைக் கிராங்க் கலக்கி நுரைக்கும். பிரீத்தர் (எஞ்சின் உள்காற்றை வெளியேற்றும்) குழாய் வழியே ஏர் பெட்டிக்குப் போகும்.

எந்த ஆயில்

மேனுவல் 10டபிள்யூ-30 (ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்லும் குறி) சொன்னால் அதுதான். சத்தம் அடங்கும் என்று 20டபிள்யூ-50 ஊற்றுவது பரவலான பழக்கம். சத்தம் அடங்குவது உண்மைதான். ஆனால் குறுகிய வழிகளுக்கும் சின்ன பம்புக்கும் வடிவமைத்த எஞ்சினில் கெட்டியான ஆயில் காலை ஸ்டார்ட்டில் ஹெட்டை எட்டக் கூடுதல் நேரம் எடுக்கும். தேய்மானம் குறையவில்லை, காதுக்குத் தெரியாமல் போகிறது, அவ்வளவே. முதலிலேயே 20டபிள்யூ-40, 20டபிள்யூ-50 எனக் குறிக்கப்பட்ட பழைய பெரிய எஞ்சின்கள் வேறு கணக்கு.

கிளட்ச் ஆயிலிலேயே நனையும் வண்டிக்கு டின்னில் ஜேஸோ (ஜப்பானிய வாகனத் தரநிர்ணயம்) எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற குறி இருக்க வேண்டும். எரிபொருள் மிச்சப்படுத்தும் கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் உண்டு, கிளட்ச் வழுக்கும். பழைய கேம்-ராக்கர் உரசலுக்குத் தேவையான துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மானமும் அந்த ஆயில்களில் குறைத்து வைக்கப்படுகிறது.

புகை நிற்கும், ரிங் புதிதாகும் என்று சொல்லி விற்கும் டப்பாக்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: 50.14 மிமீ போரை எந்தத் திரவமும் 50.01 ஆக்காது. ஃபிளஷிங் ஆயிலில் மட்டும் ஓர் ஆபத்து உண்டு. வருடக்கணக்கில் படிந்த கசடு ஒரேயடியாகப் பெயர்ந்து வலையில் வந்து அடையும். அழுக்கான பழைய எஞ்சினுக்கு நல்ல ஆயிலை 1,000 கிமீயில் ஒருமுறையாக இரண்டு மூன்று தடவை மாற்றுவதே பாதுகாப்பு.

கிண்ணமும் வலையும்

ஆயில் மாற்றுவதால் இந்த இரண்டும் சுத்தமாவதில்லை. கிளட்ச் கவரைக் கழற்றினால்தான் கை எட்டும். அதனால்தான் பத்து வருடம் ஆனாலும் யாரும் தொடுவதில்லை. 12,000 கிமீக்கு ஒரு முறை திறந்தால் போதும்.

கிண்ணத்தின் மூடியில் சின்ன ஸ்குரூக்கள் இருக்கும். சரியான அளவு பிட் இல்லாமல் தொட்டால் தலை வழுக்கிவிடும், அதனால் முதலில் பிட்டை வைத்து ஒரு தட்டு தட்டிவிட்டுத் திருப்புங்கள். உள்ளே இருப்பதை மரக்குச்சியால் சுரண்டி, மண்ணெண்ணெய் தொட்ட பஞ்சு பிரியாத துணியால் துடைக்க வேண்டும். கம்ப்ரஸர் காற்றை அங்கே அடிக்கவே கூடாது. கிண்ணத்தின் நடுவிலிருக்கும் துளை நேராகக் கிராங்க்கின் பிக் எண்டுக்குப் போகிறது. இத்தனை நாள் கிண்ணம் பிடித்துவைத்த அழுக்கை ஒரு நொடியில் பேரிங்குக்குள் ஊதிவிடுவீர்கள். மூடியின் பாக்கிங் புதிதாக வேண்டும்.

வலை கிராங்க்கேஸில் ஒரு பள்ளத்தில் செருகியிருக்கும். எடுப்பதற்கு முன் எந்த விளிம்பு உள்ளே இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். திருப்பிப் போட்டால் ஓரத்தில் இடைவெளி விடும். கவரைத் திரும்ப மாட்டும்போது புது பாக்கிங் போட்டு, இரண்டு முகத்தையும் சுத்தமாகச் சுரண்டித் துடைத்திருந்தால் சிலிகான் தேவையே இல்லை. ஹெட், பிளாக் பாக்கிங்குகளில் அது விலக்கப்பட்ட பொருள். ஹெட்டுக்கு ஆயில் ஏறும் வழி ஒரு ஸ்டட் துளையை ஒட்டிய சின்ன ஓட்டை. ஒரு துளி பிதுங்கினால் அது மூடிக்கொள்ளும். அந்த ஓட்டையைச் சுற்றிய ஓ-ரிங்கை மறப்பதும் அதே பலனைத் தரும்.

திரும்பக் கட்டியது

கீறலின் ஆழத்தைப் பார்த்து 0.25 மிமீ ஓவர்சைஸ் (போரைப் பெரிதாக்கி அதற்கேற்ப போடும் பெரிய பிஸ்டன்) போதாது என்று 0.50 பிஸ்டன் எடுக்கப்பட்டது. இங்கே வரிசை முக்கியம்: பிஸ்டனை வாங்கி, அதன் பாவாடையை அடியிலிருந்து 10 மிமீ மேலே, பின்னுக்குக் குறுக்கே மைக்ரோமீட்டரில் அளந்து, அந்த எண்ணைக் கொடுத்துப் போர் போட வேண்டும். வெறும் "0.50 போடுங்க" என்று பிளாக்கை மட்டும் அனுப்பினால் இடைவெளி கடைக்காரர் கைப்பழக்கத்தைப் பொறுத்தது. பிஸ்டன் 50.48 என்றால் போர் 50.50 முதல் 50.51 வரை, இடைவெளி 0.02 முதல் 0.03. இறுக்கமாகப் போட்டால் நீடிக்கும் என்று நினைப்பது தவறு. அது முதல் 100 கிமீயிலேயே நான்கு மூலை ஜாம் ஆகும்.

ஹோனிங் முடிந்த போரைச் சூடான சோப்புத் தண்ணீரில் பிரஷ் போட்டுக் கழுவ வேண்டும். பெட்ரோல், மண்ணெண்ணெயில் கழுவினால் எண்ணெய்ப்பசை போகும், கல்லின் பொடி கோடுகளுக்குள் நிற்கும். கழுவி உலர்த்திய உடனே ஆயில் தடவி வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள்; துணி சாம்பலானால் மறுபடி கழுவுங்கள். புது ரிங் போட்டும் சீக்கிரமே புகை வரும் எஞ்சின்களில் பலவற்றின் குற்றம் இங்கேதான்.

ரிங்கைப் போரில் வைத்துப் பிஸ்டன் தலையால் 20 மிமீ உள்ளே தள்ளி வாயை அளக்க வேண்டும். எழுத்துள்ள முகம் மேலே. வாய்களை 120 டிகிரி இடைவெளியில் நிறுத்தி, பிஸ்டனின் இன்டேக் குறியை இன்டேக் பக்கம் வைத்து, பின் லாக் புதிதாகப் போட்டு மாட்ட வேண்டும். கழற்றிய பழைய லாக் மலிவான பொருள்தான், ஆனால் அது கழன்றால் போர் மறுபடி காலி.

கேமும் ராக்கரும் சேர்த்தே மாற்றப்பட்டன. புதுக் கேமில் உரிந்த ராக்கரைப் போட்டால் கேம் நாளாகாது. ஆயில் பம்பின் ரோட்டர் நுனிகளின் இடைவெளி ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) 0.20 மிமீயைத் தாண்டியதால் பம்பும் புதிது. ஹெட் முகத்தில் நேர்க்கோல் வைத்து 0.05 மிமீ ஃபீலர் நுழையவில்லை, நேராக இருக்கிறது. பிக் எண்டின் பக்க ஆட்டம் எல்லைக்குள், மேலும் கீழும் ஆட்டம் இல்லை, கிராங்க்கைத் தொடவில்லை. டைமிங் செயின் எப்படியும் கையில் வந்துவிட்டது, மாற்றிவிடுவதுதான் புத்தி.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஒரு வேலை. கேம் மேல் ஆயில் ஊற்றி, பிளக்கைக் கழற்றிவிட்டு, டேப்பட் மூடியைத் திறந்து வைத்துக் கிக்கரை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஹெட்டில் புது ஆயில் கசிவது கண்ணுக்குத் தெரியும் வரை பிளக் மாட்டக் கூடாது. வரவில்லையென்றால் வழி அடைத்திருக்கிறது. ஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும் என்று நம்பி ஸ்டார்ட் செய்தால் புதுக் கேம் அன்றைக்கே போகும்.

டேப்பட் இடைவெளி இரண்டு வால்வுக்கும் 0.05 மிமீ, எஞ்சின் முற்றிலும் ஆறியிருக்கும்போது, டி குறி (பிஸ்டன் உச்சியில் இருப்பதைக் காட்டும் குறி) நேர்ப்பட்டுக் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில். சத்தமே இல்லாமல் வேண்டும் என்று இதை இறுக்கச் சொல்லிக் கேட்பவர்கள் நிறைய. இறுக்கிய எக்ஸாஸ்ட் வால்வு முழுதாக மூடாது, சூட்டை ஹெட்டுக்குக் கடத்தாது, விளிம்பு எரியும். லேசான டிக் டிக் இருக்கட்டும்.

கிளாம்பும் ரப்பர் குழாயும் புதிது. இது மறந்திருந்தால் மேலே சொன்ன அத்தனையும் இன்னொரு முறை.

முதல் 1,000 கிமீ

நீண்ட ஐடில், நீண்ட ஒரே வேகம், முழு திராட்டில் மூன்றும் வேண்டாம். அதற்காகத் தடவித் தடவி ஓட்டுவதும் சரியல்ல. ரிங் போரில் படிய மிதமான சுமை தேவை. பாதி திராட்டில் வரை ஏற்றி, விட்டு, மறுபடி ஏற்றி ஓட்ட வேண்டும். முதல் ஆயில் 300 கிமீயில் மாற்றம், அடுத்தது 1,000 கிமீயில். முதல் ஆயிலில் நுண்ணிய மினுமினுப்பு இருப்பது இயல்பு. 1,000 கிமீ ஆயிலில் அது அநேகமாக மறைந்திருக்க வேண்டும். எஞ்சின் ஆறிய நிலையில் ஹெட் நட்டுகளை மேனுவல் சொல்லும் டார்க்குக்கு (இறுக்கும் அளவு) சரிபார்த்து, டேப்பட் மறுபடி பார்க்க வேண்டும்.

சூடான எஞ்சினில், திராட்டிலை முழுக்கத் திறந்து கிக்கரை ஐந்தாறு முறை மிதித்துக் கம்ப்ரஷன் எடுங்கள். இந்த வகை எஞ்சினில் 10 முதல் 12 கிலோ/செமீ² வந்தால் நலம். 8க்குக் கீழே இறங்கினால், பிளக் துளையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி எடுக்க வேண்டும். அளவு ஏறினால் ரிங், போர், ஏறாவிட்டால் வால்வு. புகையும் இதையே வேறு விதமாகச் சொல்லும்: முறுக்கும்போது நீலப்புகை என்றால் ரிங் பக்கம், இறக்கத்தில் திராட்டில் மூடி இறங்கிவிட்டு மறுபடி முறுக்கும்போது மட்டும் ஒரு பொத்தென்று புகை என்றால் வால்வு கைடும் சீலும்.

இந்த எஞ்சினுக்கு வண்டியோடு வைத்திருக்க வேண்டிய பதிவு: ஆயில் மாற்றம் 2,000 கிமீ, டேப்பட் 3,000, ஏர் ஃபில்டரோடு கிளாம்பும் ரப்பரும் 3,000, தூசிச் சாலையில் அதில் பாதி, கம்ப்ரஷன் 6,000, கிண்ணமும் வலையும் 12,000. போர் இப்போது 50.50 என்பதையும் எழுதிவையுங்கள். 0.75, 1.00 என இன்னும் இரண்டு ஓவர்சைஸ் மிச்சம் இருக்கிறது.